நாண் அறுந்த இடம்

இலக்கியம் பேசும் இவ்விடத்தில் தூண்டில் நரம்பைப் பற்றி எழுத வந்துவிட்டோமே என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. விரால் ஒன்றும் நீர்க்காகம் ஒன்றும் பச்சை நிற நைலான் சுருள் ஒன்றும் சேர்ந்து, கடந்த சில மாதங்களாக நம்மை அலைக்கழித்துவிட்டன. எழுதி இறக்கி வைத்தாலன்றி அவை நம்மை விடப் போவதில்லை.

நாம் குடியிருப்பது படப்பையில். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், ஒரகடத்துக்கு முன்னால் வரும் ஊர். விடியற்காலையில் வாசலில் நின்றால் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகப் போகும். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று இச்சாலையோரத்தில் செய்யப்படாத உருளும் பொருள் ஏதுமில்லை. ஆனால் சாலையை விட்டு ஒரு கல் தொலைவு உள்ளே போனால் ஏரிகள். படப்பை, மணிமங்கலம், ஆதனூர், ஒரத்தூர் என்று ஊருக்கு ஓர் ஏரி. வடக்கே போனால் கடல்போலச் செம்பரம்பாக்கம். இரண்டாம் புலிகேசியை நரசிம்மவர்ம பல்லவன் வென்ற களங்களுள் ஒன்று மணிமங்கலம் என்று வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுள் பலர் அவ்வூர் வழியாகத்தான் கல்லூரிக்கு வருகிறார்கள்.

2020இல் கல்லூரி மூடிக் கிடந்தபோதுதான் நாம் முதன்முதலாகத் தூண்டிலைக் கையில் எடுத்தோம். அதற்கு முன் இருபது ஆண்டுகளாகத் தூண்டிலைப் பாடமாக மட்டுமே நடத்தி வந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு மீன்பிடிக் காட்சி உண்டு. நெடிய மூங்கிற்கோல், அதில் கட்டிய நாண், வளைந்த இரும்பு முள், முள்ளில் கோத்த இரை. வாளைமீன் இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. முள் வெறுமையாய் நிற்கிறது. தப்பிய மீனோ, கரையிலுள்ள பிரம்பின் நிழல் நீரில் ஆடக் கண்டு, அதையும் தூண்டிற்கோல் என்று எண்ணி அஞ்சுகிறது. அந்த அச்சத்தின் நயத்தை எத்தனையோ முறை விரித்துரைத்திருக்கிறோம். அந்த நாணைப் பற்றி ஒரு நாளும் ஒரு மாணவரும் கேட்டதில்லை. நாமும் எண்ணிப் பார்த்ததில்லை.

முதல் விரால் நாணை அறுத்துக்கொண்டு போன அன்றுதான் எண்ணினோம்.

ஏரியின் பெயர் வேண்டா. மீன்குத்தகை எடுத்தவரிடம் சொல்லிவிட்டு, கரையில் உட்கார இடம் பெற்றிருந்தோம். ஒரு கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய நூறு மீட்டர் பச்சை நரம்பு. இந்தப் பக்கத்தில் நரம்பு என்றுதான் சொல்கிறார்கள். தங்கூசி என்பாரும் உண்டு. அந்தி நேரம் ஆம்பல் இலைகளுக்கிடையே தக்கை ஒரே இழுப்பில் மறைந்தது. கோல் வளைந்தது. அகநானூற்றின் 36ஆம் பாட்டில் இரையை விழுங்கிய விரால், ஆம்பல் இலையைக் கிழித்து, கயிற்றுக்கு அடங்காத எருதைப்போல இழுப்பவனோடு மல்லுக்கு நிற்குமே, அதே காட்சி. ஆனால் அந்தப் பாட்டில் நாண் அறவில்லை. நம்முடையது சட்டென்று இலேசாகிவிட்டது. இழுத்துப் பார்த்தால் நுனியில் முள் இல்லை. நரம்பின் முனை பன்றிவால்போலச் சுருண்டிருந்தது.

பக்கத்தில் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் அந்த முனையை வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தார். 

“அறுந்து போகல சார், முடிச்சு அவுந்துக்கிச்சு. எச்சி தொட்டு இறுக்கினீங்களா?”

“இல்லைங்க ஐயா. எச்சில் எதற்கு?”

“காஞ்ச நரம்ப இறுக்கினா சூடேறும் சார். அங்கயே செத்துப்பூடும்.”

பின்னர் படித்துப் பார்த்தபோது அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்று தெரிந்தது. நைலான் இழை தன் மேலேயே உராய்ந்து இறுகும்போது எழும் வெப்பம் இழையைப் பாதிக்கிறது. ஈரம் அவ்வுராய்வைக் குறைக்கிறது. அறுந்த முனையே பிணப் பரிசோதனை அறிக்கை. சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. பிசிறு பிசிறாக இருந்தால் கல்லிலோ முள்ளிலோ உராய்ந்தது. கத்தி வைத்தாற்போல் இருந்தால் எங்கோ ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தது. நீண்டு மெலிந்து வெளுத்திருந்தால் தாங்கும் அளவுக்கு மேல் இழுக்கப்பட்டது.

பெரியவர் தாம் போடும் முடிச்சையும் காட்டினார். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதுக்குள் செலுத்தி, தளர்வாக ஒரு சாதாரண முடிச்சிட்டு, முன்னே நிற்கும் வளையத்துக்குள் முள்ளை நுழைத்து, நாக்கில் தொட்டு மெல்ல இறுக்க வேண்டும். இதை உலகெங்கும் பாலோமர் முடிச்சு என்கிறார்கள். அவருக்கு அந்தப் பெயர் தெரியாது. அதனால் முடிச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

கற்றுக்கொண்ட செருக்கில் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனோம். முடிச்சு நன்றாகவே பிடித்தது. முள்தான் நீருக்கடியில் சீமைக்கருவேல மரத்தின் அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டது. கோலை ஏரியை நோக்கி நீட்டி, பின்வாங்கி, பலங்கொண்ட மட்டும் இழுத்தோம். அறுந்தது. இம்முறை முள்ளருகே அன்று, கோலின் நுனியருகே. ஏறத்தாழ இருபது மீட்டர் நரம்பு ஏரியிலேயே கிடந்தது. இருட்டிவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த நேரத்தில் நமக்கு வருத்தமாக இருந்தது போன முள்ளும் ஈயக் குண்டும் பற்றித்தான் என்பதை மறைப்பானேன்?

ஒன்பதாம் நாள் காலை பெரியவர் கைபேசியில் அழைத்தார். அவராக அழைப்பது அரிது. “கொஞ்சம் வந்துட்டுப் போங்க சார்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

நீரோரத்தில் நின்ற கருவேல மரத்தின் கிளையில் சிறிய நீர்க்காகம் ஒன்று தலைகீழாகத் தொங்கியது. ஒரு சிறகையும் கழுத்தையும் சேர்த்துப் பச்சை நரம்பு சுற்றியிருந்தது. பறந்து வந்து கிளையில் அமர்ந்திருக்கும். நரம்பு கிளையில் சிக்கியிருக்கும். விடுபட முயன்ற ஒவ்வொரு துடிப்பிலும் இன்னும் ஒரு சுற்று இறுகியிருக்கும். இறந்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். பெரியவர் கழியால் கிளையை வளைத்துக் கொடுக்க, நாம் அறுத்து இறக்கினோம். நரம்பின் மறுமுனையில் ஈயமும் முள்ளும் இருந்தன. முள்ளில் இருந்தது நாம் போட்ட முடிச்சு. நன்றாக ஈரப்படுத்தி இறுக்கிய, அவிழாத முடிச்சு.

பெரியவர் நம்மை ஒன்றும் சொல்லவில்லை. “பருத்தி நூலா இருந்தா இந்நேரம் இத்துப்போயிருக்கும்” என்று மட்டும் சொன்னார்.

அவர் சிறுவனாக இருந்தபோது நூலில்தான் தூண்டில் கட்டுவார்களாம். மேலைநாட்டார் முள்ளருகே கட்டுவதற்குப் பட்டுப்புழுவின் சுரப்பியைக் காடியில் ஊறவைத்து இழையாக நீட்டிப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935இல் உருவாக்கி, 1938இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நைலான் வந்த பின் அவையெல்லாம் மறைந்தன. நைலான் மக்குவதில்லை. வெயிலில் வலுவிழக்கும், நீரை உறிஞ்சிச் சற்றுத் தளரும், அவ்வளவுதான். மீனைப் பிடிக்கும் வலுவை இழந்த பிறகும் ஒரு பறவையைப் பிடித்துவைக்கும் வலு அதற்கு இருக்கிறது.

நம் பழைய மாணவர் ஒருவர் இங்குள்ள தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிகிறார். அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்ப்பதுதான் அவர் வேலையே. ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்து, பச்சைச் சுருளை நீட்டி, “தம்பி, இது ஏன் அறுகிறது?” என்று கேட்டோம். அவர் சிரிக்காமல், “வாளி இருக்கா ஐயா?” என்றார்.

மாடிப்படிக் கம்பியிலிருந்து நரம்பில் வாளியைத் தொங்கவிட்டு, லிட்டர் லிட்டராக நீர் ஊற்றினோம். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வாளியின் எடை தனி. சுருளின் மேல் அச்சிட்டிருந்தது 6 கிலோ. சாதாரண முடிச்சிட்டபோது மொத்தம் இரண்டரைக் கிலோவில் வாளி விழுந்தது. பெரியவரின் முடிச்சில் மூன்றரை. இரண்டு முறையும் முடிச்சில்தான் அறுந்தது. முடிச்சே இல்லாமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டோம். வழுவழுப்பான குழாயில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி முனையைக் கட்டினால் இழுவிசை சுற்றுகளிலேயே தேய்ந்து முடிச்சுக்குப் போகாது. ஆய்வகங்களில் நூலைச் சோதிப்பதும் இவ்வாறே என்றார். அப்படியும் நாலு கிலோவைத் தாண்டவில்லை.

பிறகு அவர் பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து, அடிக்கு ஓர் இடமாகத் தடிமனை அளந்தார். அச்சில் இருந்தது 0.35 மில்லிமீட்டர். சில இடங்களில் அப்படியே இருந்தது, ஓரிடத்தில் 0.28. கொஞ்சந்தானே என்று நமக்குத் தோன்றியது. வலு விட்டத்தைப் பொறுத்ததன்று, குறுக்குப் பரப்பைப் பொறுத்தது என்று அவர் தாளில் கணக்குப் போட்டார். விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் பரப்பு நூற்றுக்கு 64 ஆகிவிடும். ஆறு கிலோவில் 64 விழுக்காடு, நாலுக்கும் குறைவு. வாளி சொன்ன விடையும் அதுதான்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் இதே சோதனையை எழுதி வைத்திருக்கிறார். இரும்புக் கம்பியில் கூடையைத் தொங்கவிட்டுச் சிறு துளை வழியே மணலைக் கொட்டச் செய்து, கம்பி அறுந்ததும் கூடையை நிறுக்க வேண்டும். பிறகு கம்பியின் நீளத்தைப் பாதியாக்கி மறுபடியும் செய்ய வேண்டும். நீளம் கூடக்கூட நலிந்த இடம் ஒன்று இருக்கும் வாய்ப்பும் கூடும் என்பதை மாணவர் விளக்கியபோது, நூறு மீட்டர் நாற்பது ரூபாய் என்று மகிழ்ந்தது நினைவுக்கு வந்தது.

ஆனால் நம்மைச் சுட்டது இன்னொன்று. முன்பு முடிச்சு நலிந்திருந்ததால் நரம்பு முள்ளருகே விட்டுப்போயிற்று. ஏரியில் நரம்பு எதுவும் எஞ்சவில்லை. முடிச்சை நாம் சீராக்கிய பின், அடுத்த நலிந்த இடம் எங்கே இருந்ததோ அங்கே அறுந்தது. அது கோலின் நுனியருகே அமைந்துவிட்டது. நல்ல முடிச்சையும் மட்டமான நரம்பையும் சேர்த்ததில்தான் அந்த இருபது மீட்டர் பிறந்தது.

“அறாத நரம்பு ஒன்றும் இல்லையா?” என்றோம்.

“எல்லாம் அறும் ஐயா. எங்கே அறணும்னு நாமதான் முடிவு பண்ணணும்.”

அதற்கும் வழி பழையதே. முள்ளுக்கு முன்னால் ஒரு முழ நீளம், மைய நரம்பைவிட வலுக் குறைந்த துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டால் அது அறும். மிச்சம் கைக்கு வந்துவிடும். விராலின் பல் அராவுமே, அதற்குத் தடித்த துண்டு வேண்டாவா என்று கேட்பவர்கள், துண்டைத் தடிப்பாக்கினால் மைய நரம்பை அதைவிடத் தடிப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது நாம் வாங்குவது அவ்வளவு மலிவானதன்று. கடையில் சுருளைத் தொட்டு, இரண்டு மூன்று மீட்டர் உருவி விரல்களுக்கிடையே ஓட்டிப் பார்க்கிறோம். மேடுபள்ளம் விரலுக்குத் தெரியும். வெயில்படும் கண்ணாடிப் பெட்டியில் தொங்கும் சுருளைத் தொடுவதில்லை. பாலிஎத்திலீன் பின்னல் நரம்பு மெல்லியது, வலுவானது, ஆனால் கல்லில் பட்டால் எளிதில் பிய்யும், முடிச்சும் வழுக்கும். இடிபாடும் கட்டையும் நிறைந்த நம் ஏரிகளுக்கு அது சரிப்படாது என்பது நம் கருத்து. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் இந்த ஏரிகளுக்கு அடியில் என்னென்ன கிடக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? கோலின் வளையங்களுக்குள் பஞ்சை இழுத்துப் பார்க்கிறோம்; இழை சிக்கினால் வளையத்தில் கீறல் இருக்கிறது, அது நரம்பை அறுக்கும். ரீலின் பிடிமானத் திருகை, நாலு கிலோ நரம்பென்றால் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் எடைக்கு நரம்பு மெல்ல நழுவும்படி வைக்கிறோம். ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு மீட்டரை விரலால் தடவி, சொரசொரப்பாக இருந்தால் வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறோம். கரையில் கிடக்கும் பிறர் நரம்பையும்தான். சட்டையைத் துவைக்கப் போடும்போது வீட்டில் கேட்கிற கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிவிட்டது.

பச்சைச் சுருளில் மீதி இருந்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை. குப்பையில் போட்டால் அது மறுபடியும் ஏதோ ஓர் ஏரிக்கரைக்குத்தான் போகும். மாடியில் பாகற்பந்தலுக்குக் கட்டலாம் என்றால் அங்கே சிட்டுக்குருவிகள் வருகின்றன. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். விரற்கடை அளவாக, ஒவ்வொரு துண்டாக. இருபது மீட்டர் முடிவதற்குள் கட்டை விரல் வீங்கிவிட்டது. துணைவியார் வந்து பார்த்துவிட்டு, “காலேஜ் பேப்பர் திருத்த நேரமில்லைன்னீங்களே?” என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் எதிரே உட்கார்ந்து, தையற்பெட்டியிலிருந்து தம் கத்தரியை எடுத்துக்கொண்டார்.