சத்யம்: வங்கியில் இல்லாத பணம்

சத்யம் ஐ.டி. கம்பெனியின் கணக்கு மோசடி என்றதும் எல்லாரும் அதன் தலைவர் ராமலிங்க ராஜுவைத் திட்டுகிறார்கள். எனக்கு அதன் ஆடிட்டர்கள் மேல் உள்ள ஆத்திரம்தான் இன்னும் தீரவில்லை.

கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று ராஜு எழுதிக்கொடுத்தார். சரக்கு, வராக்கடன் என்றால் மதிப்பிடுவதில் கருத்து வேறுபாடு வரலாம். வங்கியில் இருக்கும் பணத்துக்கு அந்தப் பேச்சே இல்லை. ஆடிட்டர் வங்கிக்கு நேராகக் கடிதம் அனுப்பி, பதிலையும் வங்கியிடமிருந்தே நேராக வாங்க வேண்டும். ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் இருக்கும் சி.ஏ. பிள்ளைகளுக்கே தெரிந்த வேலை இது! அந்தக் கடிதப் போக்குவரத்தைச் சத்யத்தின் ஆடிட்டர்கள் கம்பெனி கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2011இல் சொன்னது.

போர்டும் லேசுப்பட்டதல்ல. 2008 டிசம்பரில், ராஜு குடும்பத்தின் மேட்டாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் கொடுத்தது. அதைத் தடுத்தது முதலீட்டாளர்களின் கோபம்தான். சுயேச்சை இயக்குநர்கள் அல்ல.

இந்த மோசடிக்குப் பிறகு வந்த 2013 கம்பெனிச் சட்டப்படி, பட்டியலிட்ட கம்பெனியில் ஒரு ஆடிட் நிறுவனம் தொடர்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்க முடியாது. மனதார வரவேற்கிறேன். ஆனால் ஃபீஸ் கொடுப்பது இன்றும் தணிக்கைக்கு உள்ளாகும் கம்பெனிதான்.

பத்து ஷேர் வைத்திருந்தாலும், ஆடிட்டர் நியமனத்துக்கு ஓட்டுக் கேட்டு மெயில் வரும். அழித்துவிடாதீர்கள். ஆண்டறிக்கையில் தணிக்கைக் கட்டணம் எவ்வளவு, மற்ற வேலைகளுக்கு அதே ஆடிட்டருக்குக் கொடுத்தது எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.