உறையில் இருந்த வாள்

பேய்க் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முனியாண்டி கதை சொல்லிச் சோறூட்டாத பாட்டிகள் நம் வீடுகளில் குறைவு. நானும் அப்படி வளர்ந்தவள்தான். ஆனால், ஜப்பானியப் பேய்களை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என் அண்ணன்.

அது 2017ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து, தேசிய இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தையும் ஒருவழியாகக் கடந்திருந்தேன். புதிய பள்ளியில் தோழிகள் அதிகமில்லை. விடுமுறையில் வீடே கதி என்று கிடந்தேன். உடன் வேலை செய்த ஒருவரிடமிருந்து அண்ணன் பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றை வாங்கி வந்தார். அதோடு வந்த வட்டுகளில் ஒன்றுதான் 'ஒனிமுஷா: வார்லார்ட்ஸ்'.

காப்காம் நிறுவனம் 2001இல் வெளியிட்ட விளையாட்டு அது. அறியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16ஆம் நூற்றாண்டு ஜப்பானில் குறுநில மன்னர்கள் ஒருவரோடு ஒருவர் போரிட்டுக்கொண்டிருந்தனர். 1560இல் ஒக்கேஹஸாமா போரில் ஓடா நொபுனாகா வென்றது வரலாறு. வென்ற கையோடு அம்பு பாய்ந்து அவர் இறப்பதாகவும், கென்மா என்னும் அரக்கர் கூட்டம் அவரை உயிர்ப்பித்துத் தன் பக்கம் சேர்த்துக்கொள்வதாகவும் விளையாட்டில் வரும். இனாபயாமா கோட்டையிலிருந்து இளவரசி யூகியை அரக்கர்கள் கடத்திச் செல்கிறார்கள். அவளை மீட்க வருபவன்தான் சாமுராய் வீரன் சாமனோசுகே. நடிகர் தக்கேஷி கனேஷிரோவின் முகத்தையே அவனுக்கு வைத்திருந்தார்கள்.

அவன் கையில் ஒரு கவசம் உண்டு. ஒனி என்னும் பூத குலம் அவனுக்கு அளித்தது அது. வெட்டுண்ட அரக்கனின் உடல் மறைந்துபோகும். உயிர் மட்டும் ஒளித்துளியாக மிதக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கவசம் அந்த உயிரை உறிஞ்சிக்கொள்ளும். எனக்கு அதைவிடப் பிடித்தது 'இஸ்ஸென்' என்ற வீச்சு. எதிரி தாக்க வரும் அதே கணத்தில், சற்றும் முந்தாமல் பிந்தாமல் வாளை வீச வேண்டும். ஒரே வெட்டு, அரக்கன் தீர்ந்தான். அண்ணனுக்கு அது கடைசி வரை கைவரவில்லை. எனக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் மாலை, தன் தொடர் நாடகத்துக்காக வரவேற்பறைக்கு வந்த பாட்டி, நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது 81.

"அது ஜப்பான்காரன் கத்திதானே?"

"ஆமா பாட்டி. இவன் நல்லவன். பேயையெல்லாம் கொல்றான்."

பாட்டி மெல்ல உட்கார்ந்தார். நான் விளையாட்டை நிறுத்தி வைத்தேன்.

"எங்க தோட்டத்துக்கு வந்தவனும் இடுப்புல இப்படித்தான் ஒண்ணு தொங்கவிட்டிருந்தான். எனக்கு அப்ப ஏழு வயசு. லாரி வந்து நின்னுச்சு. சயாம்ல மூணு மாச வேலை, சம்பளம் உண்டு, அரிசி உண்டுன்னு கிராணி சொன்னாரு. ஜப்பான்காரன் பக்கத்துல சும்மா நின்னான். கத்திய உருவவே இல்ல. அது உறையிலதான் இருந்துச்சு. அதுக்கே எங்கப்பா லாரியில ஏறிட்டாரு."

என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. "அவன் பாக்க எப்படி இருந்தான் பாட்டி? பயங்கரமாவா?" என்றேன்.

"சின்னப் பையன்மா. உங்கண்ணன் வயசுதான் இருக்கும். என்னைப் பாத்துச் சிரிச்சான். ஒரு மிட்டாய் குடுத்தான். நானும் வாங்கித் தின்னுட்டேன்."

அதற்கு மேல் பாட்டி பேசவில்லை. நாடகத்தைப் போடச் சொன்னார்.

மறுநாளும் நான் விளையாடினேன். பொய் சொல்வானேன்? கோட்டையில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. ஆனால் ஒவ்வோர் அரக்கனும் உடல் இல்லாமல் மறையும்போது பாட்டியின் அப்பா நினைவுக்கு வந்தார். அவருக்கும் சமாதி கிடையாது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்த ரயில் பாதையில் அவர் எந்த இடத்தில் விழுந்தார் என்பதைச் சொல்ல யாருமே திரும்பி வரவில்லை. மலாயாவிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களின் கதையும் இதுதான். 1943இல் பாதை முடிந்தது. பின்னாளில் இந்தத் தேதிகளை மலாய்மொழியில் மனனம் செய்து, தேர்வில் நல்ல புள்ளியும் வாங்கினேன். அந்த மிட்டாயைப் பற்றி எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை.

விளையாட்டின் மீது எனக்குக் கோபமில்லை. ஜப்பானியர் மீதும் இல்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. விளையாட்டில் அரக்கனை அடையாளம் காண்பது எளிது. அவன் உருவமே காட்டிக்கொடுத்துவிடும், தயங்காமல் வெட்டலாம். நிஜ நொபுனாகாவோ மனிதர். போர், நெருப்பு, படுகொலை எல்லாவற்றையும் கென்மாவின் துணையில்லாமலேயே செய்தவர். பாட்டியின் தோட்டத்துக்கு வந்தவனும் சிரித்த முகத்தோடு நின்ற பையன்தான். அந்த முகத்துக்கு எதிராக எந்தப் பொத்தானை அழுத்துவது?

பாட்டி 2021இல் காலமானார். 2024 டிசம்பரில் 'ஒனிமுஷா: வே ஆஃப் தி ஸ்வார்ட்' அறிவிக்கப்பட்டபோது, ஜொகூரில் இருக்கும் அண்ணன் அதன் முன்னோட்டத்தை எனக்கு அனுப்பினார். நாயகன் மியாமோத்தோ முசாஷி. முகம் மறைந்த நடிகர் தொஷிரோ மிஃபுனேயுடையது. "இஸ்ஸென் மறந்துட்டியா?" என்று கேட்டிருந்தார். மறக்கவில்லை. கிடைத்தால் நிச்சயம் விளையாடுவேன்.

ஆனால் பாட்டியிடம் கேட்காமல் விட்டவை பல. அவருடைய அப்பாவின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. பாட்டி அதைத் தமிழில்தான் சொல்லியிருப்பார். கேட்க எனக்குத் தமிழும் இருந்தது, நேரமும் இருந்தது.

இதை வாசிக்கும் நண்பர்களே, உங்கள் வீட்டில் அந்தக் காலத்து ஆள் ஒருவர் இன்னும் இருந்தால், விளையாட்டைச் சற்று நிறுத்தி வையுங்கள். அவர் அருகில் உட்கார்ந்து, முதலில் பெயர்களைக் கேளுங்கள்.