டாங்கியை அழுக்காக்குவது எப்படி?

1991 வளைகுடாப் போரில் ஓடிய அமெரிக்காவின் எம்1ஏ1 ஆப்ராம்ஸ் டாங்கி, பீரங்கிக் குழலோடு சேர்த்து ஏறக்குறைய 9.8 மீட்டர் நீளம். அதையே 35-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 28 செ.மீ.தான். மேசை மேல் அடங்கிவிடும்!

ஒட்டுவது பொறுமை வேலை. குழல் பெரும்பாலும் இரண்டு பாதியாக வரும். ஒட்டிய கோடு தெரியாமல் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு உடம்புக்கு மணல் நிறம். பக்கத்துக்கு ஏழு ஜோடி சக்கரங்கள். ஆக 28 ரப்பர் விளிம்புகளுக்கும் கருப்பு தீட்டியாக வேண்டும். எல்லாம் முடிந்தால் பளிச்சென்று நிற்கும், கடையில் வாங்கிய பொம்மை மாதிரி.

நிஜமான சோதனை இனிமேல்தான். வாரக்கணக்கில் உழைத்ததை அழுக்காக்க யாருக்காவது மனசு வருமா? வந்தாக வேண்டும். நீர்க்கக் கரைத்த பழுப்பு பெயிண்டை இடுக்குகளில் ஓடவிட வேண்டும். சக்கரங்களைச் சுற்றி, பேஸ்டல் சாக்கைச் சுரண்டிய பொடியால் புழுதி. வீரர்கள் ஏறி இறங்கும் மூடியின் ஓரத்தில் பெயிண்ட் தேய்ந்திருக்க வேண்டும்.

ஆனால் எங்கும் ஒரே மாதிரி அப்பினால் அதுவும் பொய்தான். ஒவ்வொரு கறைக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். இதற்குள் நான்கு பேர் உட்கார்ந்து பாலைவனத்தைக் கடந்தார்கள் என்பதை, அந்த அழுக்கை விட்டால் வேறு எது சொல்லும்?