காயம் ஆற்றும் மந்திரம்

மும்பையில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். அத்தகைய ஒரு ஞாயிறன்று, செம்பூரில் உள்ள நம் வீட்டுக் கூடத்தில், கல்லூரியில் பயிலும் பேத்தியும் அவளுடைய தோழர் நால்வரும் பாய் விரித்து வட்டமாக அமர்ந்திருந்தனர். நடுவில் காகிதங்கள், பென்சில்கள், பல நிறப் பகடைகள். தாயக்கட்டையன்றி வேறு பகடை அறியாத நமக்கு இருபது முகம் கொண்ட பகடையே ஒரு வியப்பு. கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டு இளைஞர்கள் ஐந்து மணி நேரம் வாய்ச்சொல்லாலேயே ஒரு கதையை நடத்திச் செல்வது மற்றொரு வியப்பு.

ஆட்டத்தின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கி, 1974இல் வெளியானது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, நிலவறைகளில் புகுந்து அரக்கரோடு பொருவர். எண்ணிய செயல் கைகூடுமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று கணக்கு உண்டு. அடிபடுந்தோறும் அது குறையும். சுழியமானால் ஆள் வீழ்வான்.

அன்று ஆட்டம் தொடங்குமுன் பேத்தி, “இந்த முறை நான் மந்திரவாதி” என்றாள். கூடத்தில் ஒரு கணம் அமைதி நிலவியது.

“அப்படியானால் எங்கள் காயத்தை ஆற்றுவது யார்?” என்றான் ஒருவன்.

“உனக்குத்தான் அது நன்றாக வருகிறது” என்றாள் மற்றொருத்தி.

பேத்தி சிறிது நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி” என்றாள். பத்திரிகைக்குப் பின்னாலிருந்த நமக்கு அதன்பின் ஒரு வரியும் படிக்க ஓடவில்லை. ‘உனக்குத்தான் அது நன்றாக வருகிறது’ என்னும் அச்சொற்களை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று மனம் துழாவியது. கேட்டதன்று, நாமே சொன்னது.

1991இல் நம் அன்னையார் பக்கவாதத்தால் படுக்கையில் வீழ்ந்தார். நம் துணைவியார் அப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. “உன் கை பட்டால்தான் அம்மாவுக்கு ஒப்புகிறது” என்றோம். பாராட்டாகவே சொன்னோம். அவர் பள்ளியை விட்டார். மூன்றாண்டுகள் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும், அன்னையாரைப் புரட்டிப் படுக்க வைத்தார். அன்னையார் இறுதி மூச்சு விடும்வரை அவர் முதுகில் ஒரு படுக்கைப் புண் தோன்றவில்லை. வாராத புண்ணைப் பற்றி யார் பேசுவார்? நாமும் பேசவில்லை.

அந்த வாரம் முழுவதும் மாலை வேளைகளில் பேத்தியிடம் ஆட்டத்தின் விதிகளைக் கேட்டறிந்தோம். முதல் நூலில் மூன்றே பிரிவினர்: போர்வீரன், மந்திரவாதி, ‘கிளெரிக்’ என்னும் சமய ஊழியர். மந்திரவாதி தீப்பிழம்பை வீசுவான். பூட்டிய கதவைத் திறப்பான். ஆயினும் நண்பனின் விரற்காயத்தைக்கூட அவனால் ஆற்ற இயலாது. அந்த ஆற்றல் சமய ஊழியர்க்கே உரியது. ஆர்னசன் மினசோட்டாவில் நடத்திய ஆட்டமொன்றில், இரத்தம் குடிக்கும் பேயாக மாறிவிட்ட ஒருவனை எதிர்க்கவே இப்பாத்திரம் முதலில் தோன்றியதாம். பேயோட்ட வந்தவர் நாளடைவில் தாதியாகிவிட்டார்.

1978இல் வந்த விதிநூலின்படி, மந்திரங்களை முன்கூட்டியே தேர்ந்து நெஞ்சில் நிறுத்த வேண்டும். சொன்னதும் அவை மறந்துவிடும். யாருக்கு எப்போது அடிபடும் என்று தெரியாதாகையால், ஊழியர் தம் நெஞ்சு முழுவதையும் காயம் ஆற்றும் மந்திரங்களாலேயே நிரப்பிக்கொள்வார். தமக்குப் பிடித்த மந்திரத்துக்கு அங்கே இடமிராது. இப்பாத்திரத்தை ஏற்க ஆளில்லாமற்போனதில் வியப்பென்ன?

விதி வகுத்தோரும் இதை உணர்ந்தனர் போலும். 2000இல் வந்த பதிப்பு, வேறு மந்திரங்களைத் தேர்ந்து வைத்திருந்தாலும் வேண்டும்போது அவற்றைக் காயம் ஆற்றும் மந்திரமாக மாற்றிக்கொள்ளலாம் என்றது. பாடித் திரியும் பாணனுக்கும் அவ்வாற்றலைப் பகிர்ந்தளித்தது. 2008இல் வந்த பதிப்பு, அடிப்பதையும் ஆற்றுவதையும் ஒரே முறையில் செய்யலாம் என்று வழிவிட்டு, காயம் ஆற்றும் பிரிவினர்க்குத் ‘தலைவர்’ என்றே பெயர் சூட்டியது. 2014இல் வந்த பதிப்பிலோ, ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தால் எவரும் தம் காயத்தில் ஒரு பகுதியைத் தாமே ஆற்றிக்கொள்ளலாம். ஒருவர் தலைமேல் இருந்த சுமையைப் பலர் தோளுக்கு மாற்ற ஓர் ஆட்டத்துக்கு நாற்பதாண்டுகள் ஆயின. நம் வீடுகளுக்கு எத்தனை ஆண்டுகள் ஆகுமோ!

அடுத்த ஞாயிறன்று, சமய ஊழியர் பாத்திரத்தை நாமே ஏற்பதாகத் தெரிவித்தோம். இளைஞர் சிரித்தனர், பேத்தி சிரிக்கவில்லை. தன் காகிதத்தை நம்மிடம் தந்துவிட்டு மந்திரவாதியானாள்.

எளிய வேலை என்று நினைத்தது பிழை. போர்வீரன் தன் பகைவனைப் பார்த்தால் போதும். ஊழியரோ அனைவரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாருக்கு எத்தனை புள்ளி குறைந்தது, நம்மிடம் எஞ்சிய மந்திரம் எத்தனை என்னும் கணக்கு ஓயவே இல்லை. நாம் ‘ஆசி’ என்னும் மந்திரத்தைச் சொல்லியிருந்தோம். அதனால் தோழர் எறியும் பகடையோடு ஒரு நான்முகப் பகடையின் எண்ணும் சேரும். போர்வீரன் வாளை வீசினான், பெரிய பகடை இரண்டு எண் குறைந்தது, நம் சிறு பகடை மூன்று தந்தது, அரக்கன் வீழ்ந்தான். எல்லோரும் போர்வீரன் தோளில் தட்டினர். குற்றமில்லை, முன்பு நாமும் அங்ஙனமே செய்தவர்.

சற்றுப் பின் ஒரு தோழன் காயம்பட்டான். உடனே ஆற்ற முனைந்தபோது பேத்தி தடுத்தாள். “அவன் விழட்டும், தாத்தா. விழுந்தபின் ஒரு சிறு மந்திரம் சொன்னால் அறுபது அடி தொலைவிலிருந்தே எழுப்பிவிடலாம். அதுதான் சிக்கனம்.” விதிப்படி அவள் சொன்னது சரியே. வீழ்ந்தவனுக்கு ஒரு புள்ளி கொடுத்தாலும் எழுந்து வாள் வீசுவான். விழாமல் காப்பதைவிட விழுந்தபின் எழுப்புவது ஆட்டத்தில் இலாபம். அதற்குக் கைத்தட்டலும் உண்டு. வாழ்க்கையில் அப்படியன்று. இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்த கைக்குக் கைத்தட்டல் இல்லை; அக்கை ஓய்ந்திருந்தால் எழுப்பித் தரும் மந்திரமும் இல்லை.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து பணிவிடை செய்பவரையும் நான்காவது கூறாக வைக்கிறார். அக்குறளை மேடைகளில் நாம் பலமுறை விளக்கியிருக்கிறோம். அந்த நான்காமவர் நம் அடுக்களையில் நின்றுகொண்டிருந்ததைத்தான் கண்டோமில்லை.

அன்றிரவு துணைவியாரிடம் இதையெல்லாம் சொன்னோம். பள்ளியை விட்டது பற்றி அன்று அவரைக் கேளாமல் முடிவு செய்தது தவறு என்றும் சொன்னோம். அவர் நெடுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அத்தையைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பேன்” என்றார்.

மூன்றாம் ஞாயிறன்று பேத்தி அவரையும் பாயில் அமர்த்தி, “பாட்டி, உங்களுக்கு எந்த வேடம் வேண்டும்?” என்று கேட்டாள். அவர் சிறிதும் தயங்கவில்லை.

“தீ வீசுகிறார்களே, அது.”

வீசினார். அரக்கர் ஐவர் எரிந்தனர். அருகில் நின்ற நமக்கும் அத்தீயில் பாதி உயிர்ப்புள்ளி போயிற்று. நாம் நம் காயத்தை ஆற்றிக்கொண்டு, அடுத்து யாருக்கு வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தோம்.