கடையின் கண்களும் அமானிதமும்

கடைக்குக் கேமரா வாங்குவோர் எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். எதைப் பார்க்கக் கூடாது என்று கேட்போர் குறைவு. எங்கள் ஜவுளிக்கடைக்கு நான்கு கேமராக்கள் வாங்கியபோது இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்கினோம்.

வீண் சந்தேகத்தையும் பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதையும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. பொருளைக் காப்பது வேறு. மனிதரை வேவு பார்ப்பது வேறு.

ஆகவே வாசல், கல்லா, கிடங்கின் கதவு, துணி அடுக்குகளின் நடைவழி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பொருத்தினோம். வாசல் கேமராவை மிக உயர்த்தினால் தலையின் உச்சிதான் பதியும். வெளிவெயிலுக்கு எதிரே வைத்தால் முகம் இருண்டுவிடும். எனவே ஏறத்தாழ எட்டடி உயரத்தில், பின்னொளியைச் சமன்செய்யும் வகையைப் பொருத்தினோம். உடைமாற்றும் அறையும், பணிப்பெண்கள் தொழுகின்ற மூலையும் எந்தக் கோணத்திலும் தெரியவில்லை என்பதைத் திரையில் சரிபார்த்தோம். ஒலிப்பதிவை நிறுத்தினோம், கடவுச்சொல்லை மாற்றினோம், கேமரா உண்டு என்று வாசலிலேயே எழுதி வைத்தோம்.

கல்லாவின் மேலுள்ள கேமரா பணியாளரை மட்டுமன்றி உரிமையாளரையும் பதிகிறது. கணக்குக் குறையும் நாளில் குற்றமற்றவர் மீது பழி விழாமல் காக்கும் சாட்சி அது. அந்தப் பதிவுகள் அமானிதம். சந்தேகத்துக்குரியவர் என்று ஒருவரின் முகத்தை வாட்ஸ்அப்பில் பரப்புவது, அவரது மானத்தைத் திருடுவதாகும்.

திரைக்கு முன் அமர்ந்து பிறரைப் பார்க்கும் நம்மையும் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.