ஒண்ணரை டிக்கெட்

ராத்திரி ஜெபத்துக்கு மட்டும் ஆயா மண்ணெண்ணெய் விளக்கைத்தான் ஏற்றுவாள். வீட்டுக்குக் கரண்ட் வந்து ரொம்ப நாளான பிறகும் அப்படித்தான். கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, திரியைக் கொஞ்சம் இறக்கி வைத்து, பைபிளை மடியில் விரிப்பாள். பாதி நாள் அது தானாகவே சங்கீதம் 73இல் திறந்துகொள்ளும். அந்தப் பக்கம் எண்ணெய்க் கறையில் பழுத்திருந்தது. பொல்லாதவர்கள் கொழுத்து வாழ்வதைப் பார்த்து ஆசாப் என்ற பாடகனுக்குப் பொறாமை வந்து, கால் சறுக்கப் பார்த்த கதை அது. வாசித்து முடித்ததும் ஆயா கொஞ்ச நேரம் பேசமாட்டாள். அடுப்படியில் களிச்சட்டியில் ஊற்றிய தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

அவள் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வாணியாற்றுப் பக்கம் எங்களுக்கு ஒண்ணரை ஏக்கர் இருந்தது. தாத்தா செத்த மறு வருஷம் பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு கோடையில் எல்லைக்கல்லைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டார். அடுத்த கோடையில் இன்னும் கொஞ்சம். மூன்றாம் வருஷம் கிணறு அவர் பக்கம் போயிருந்தது. அவர் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் கோயிலில் முதல் வரிசை அவருடையது. அறுப்புப் பண்டிகை ஏலத்தில் அவரை மிஞ்சி யாரும் கேட்டதில்லை.

ஒரு வருஷம் அவர் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காயைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் கிணற்று மேட்டில் படர்ந்த கொடியில் காய்த்தது அது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் வரப்பில் நின்று அது பெருப்பதைப் பார்த்திருக்கிறேன். உபதேசியார் அதை வாங்கி, பீடத்துக்கு முன்னால் வைத்து நன்றி ஜெபம் செய்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. பக்கத்தில் ஆயாவைப் பார்த்தேன். அவள் உதடும் அசையவில்லை.

அன்றைக்கு ராத்திரி அவளிடம் நாபோத் கதையைக் கேட்டேன். ஆகாப் ராஜா கேட்ட திராட்சைத் தோட்டத்தைத் தரமாட்டேன் என்றதற்காகப் பொய்ச் சாட்சி வைத்துக் கல்லெறிந்து கொல்லப்பட்டவன். அந்த ராஜாவுக்கு எலியா தீர்க்கதரிசி சாபம் சொன்ன இடம் வந்ததும் நான் நிறுத்தினேன்.

"அது சரி ஆயா, நாபோத்துக்கு என்ன கெடச்சுது?"

ஆயா விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "தெரியலை கண்ணு," என்றாள். அவ்வளவுதான். பரலோகம் கிடைத்தது என்று சொல்லி என்னைத் தூங்க வைத்திருக்கலாம். சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் நிறையப் பிரசங்கம் கேட்டுவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்கு இருந்த நேர்மை பலவற்றில் இருந்ததில்லை.

1992 ஜூன் கடைசியில் சந்தைக்கு வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற ஊரில் என்னவோ நடந்துவிட்டது என்று. எனக்கு அப்போது பத்து வயது. பெரியவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். முழுதும் தெரிய எனக்கு வருஷங்கள் ஆயின. ஜூன் 20ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 பேர் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய்ச் சீரழித்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள். பிறகு அடிபட்டவர்கள் மேலேயே வழக்குப் போட்டு, பெண்களையும் குழந்தைகளையும் சேலம் ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் திண்ணையில் ஒரு பெரியவர் சொன்னார்: "அதிகாரிங்க ஆண்டவர் வெச்சவங்க. மரம் வெட்டாம இருந்தா அவங்க ஏன் வரப்போறாங்க?" இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஆயா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆகாபும் ஆண்டவர் வெச்ச ராஜாதாங்க. அவனெதிர எலியா போய் நின்னாரா இல்லையா?"

யாரும் பதில் பேசவில்லை. ஆயா அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிடி இறுகியிருந்தது, விரல் வலித்தது.

ஆனால் வாச்சாத்திக்காக அவள் செய்தது அவ்வளவுதான் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலிலிருந்து யாரும் அங்கே போகவில்லை. அந்த ஜனங்களுக்கு மலைவாழ் மக்கள் சங்கம்தான் துணையாக நின்றது. மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1995இல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. கடவுளை நம்பாதவர்கள் எலியாவின் வேலையைச் செய்தார்கள், நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து மரத்தைப் பற்றிப் பேசினோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். அந்த ஐம்பத்து நாலு பேர் என்னைத் தூங்கவிடவில்லை. தண்டனை என்ற சொல்லையே கேட்காமல் கண்ணை மூடியவர்கள். ஆசாப் பொறாமைப்பட்டது இப்படிப்பட்ட சாவுகளைப் பார்த்துத்தான். 2023இல், சரியாக அதே செப்டம்பர் 29ஆம் தேதி, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தார். அதற்கு முன்பு அவரே வாச்சாத்திக்குப் போய் இடத்தைப் பார்த்து வந்திருந்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். 31 வருஷம். இயேசு சொன்ன கதையில் அநீதியான நீதிபதியிடம் விடாமல் போய் நியாயம் கேட்ட விதவை எத்தனை வருஷம் நடந்தாள் என்று லூக்கா எழுதவில்லை. அந்தக் கதையை இப்போது வாசித்தால் எனக்கு வாச்சாத்திப் பெண்கள் கோர்ட்டுப் படியில் உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் வருகிறது.

ஆயா இந்தத் தீர்ப்புகள் எதையும் பார்க்கவில்லை. எங்கள் கிணறும் திரும்பி வரவில்லை.

அதே 1992 ஆடி மாதத்தில் அந்தக் காட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். ஊரில் சிலர் கணக்குத் தீர்கிறது என்றார்கள். எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆயா வரப்பெல்லாம் குனிந்து கீழாநெல்லி பறித்தாள். அம்மியில் அரைத்து, மோரில் கலக்கித் தூக்குச்சட்டியில் ஊற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் சம்சாரம் வாசலிலேயே அழுதாள். "வாங்கக்கா" என்பதற்குமேல் பேச்சு வரவில்லை. அவர் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கண் முழுக்க மஞ்சள். ஆயா அவர் நெற்றியில் கை வைத்து, பேர் சொல்லி ஜெபித்தாள். பிழைக்க வேண்டும், பிள்ளைகளுக்காகப் பிழைக்க வேண்டும் என்று. நான் கண்ணை மூடவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரை முறைத்துக்கொண்டு நின்றேன்.

வழியெல்லாம் அவளோடு பேசவில்லை. இவள் தோற்றுவிட்டாள், நிலத்தை விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் திங்கள்கிழமை. விடியுமுன் என்னை எழுப்பித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் பையில் பட்டா நகல், வரி ரசீது, எழுதுபவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கிய புது மனு எல்லாவற்றையும் அடுக்கினாள். கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். அவளுக்குப் பைபிள் எழுத்து கூட்டி வாசிக்க வரும், ஆபீஸ் எழுத்து வராது. அதனால் வாசிக்க நான் வேண்டும். பஸ் ஸ்டாண்டில் நின்றபோது தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நேத்து அவருக்கு ஜெபம் பண்ணே. இன்னைக்கு அவர் மேலயே மனு குடுக்கப் போறயே?"

"ஆமா," என்றாள் ஆயா. "அவரு பொழைக்கணும். கல்லு அது இடத்துக்கு வரணும்."

தர்மபுரி பஸ் வந்தது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி கண்டக்டரிடம் நீட்டினாள்.

"ஒரு முழுசு, ஒரு அரை."