வாசலில் ஒரு சாய்வுப் பலகை

இடுப்பில் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் என் நாத்தனார், “நாலு பேர் தூக்கிப் போக நான் என்ன மூட்டையா?” என்று மூன்று வருஷமாக ஒரகடம் பக்கமே வரவில்லை. பேத்தியின் காதுகுத்துக்கு அவர் மடி இல்லாமல் முடியுமா?

இங்கே தொழிற்சாலைகளில் கழித்துக்கட்டும் பேக்கிங் பெட்டி மரம் மலிவு. எங்கள் வாசற்படி 6 அங்குலம். அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது பொதுக் கட்டடங்களுக்கு அரசு சொல்லும் கணக்கு. ஆக 6 அடி. “மூணு அடி போதும்மா” என்றார் தச்சர். நான் விடவில்லை! நீளவாட்டில் இரண்டு பலகை, நடுவே கீல். மடித்துப் பரணில் வைக்கலாம். ஓரத்தில் 2 அங்குலச் சட்டம். ஈரப் பெயிண்ட்டில் மணல் தூவினால் சக்கரம் வழுக்காது. மேல்முனையைப் படியில் கொக்கி போட்டு மாட்டிவிடுங்கள். இறங்கும்போது மட்டும் நாற்காலியைப் பின்பக்கமாக இறக்க வேண்டும், சகோதரிகளே.

என் மகன் ஒருவனே தள்ளிவந்தான். அண்ணி நேரே அடுப்படிக்கு வந்து, “சாம்பாரில் புளி தூக்கல்” என்றார்.